ஏழை நாட்டுக்கு எதற்கு ராக்கெட்? இந்திய விண்வெளித் திட்டமும் சொந்தத் தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பினால் கூடவே இரண்டு பேச்சுகளும் கிளம்பும். "உலகமே நம்மை அண்ணாந்து பார்க்குது" என்பது ஒன்று. "சோத்துக்கு வழியில்லை, இதுக்கு மட்டும் காசு எங்கிருந்து வருது?" என்பது இன்னொன்று. பள்ளி விழாவிலும் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த இரண்டையும் ஒட்டி வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

சோற்றுக்கே அல்லாடும் மக்கள் உள்ள நாட்டில் விண்வெளிக்குச் செலவழிக்கலாமா?

நியாயமான கேள்வி. கேட்பவர் மேல் பாய வேண்டியதில்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025-26 மத்திய பட்ஜெட் ரூ.50 லட்சம் கோடிக்குச் சற்று மேல். அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ரூ.13,416 கோடி. அதாவது நூறு ரூபாயில் 26 காசு. அதை நிறுத்திவிட்டால் ரேஷன் கடையில் அரிசி கூடிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் "கொஞ்சம்தானே" என்பதும் பதில் ஆகாது. அந்தக் கொஞ்சம் என்ன திருப்பித் தந்தது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி அன்றே, இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயின் முன்னால் நின்றது. நிலவுக்கு ஆள் அனுப்பும் பந்தயத்தில் பணக்கார நாடுகளோடு ஓடும் ஆசை நமக்கில்லை, ஆனால் மக்களின் அன்றாடப் பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் எவருக்கும் பின்னால் நிற்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. வெறும் மேடைப்பேச்சாக அது போகவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோனார்கள். விவசாயம், சுகாதாரம், பிள்ளைகளுக்குப் பாடம் எல்லாம் ஒளிபரப்பானது. அப்போது பல நகரங்களிலேயே டிவி கிடையாது. செயற்கைக்கோள்தான் அமெரிக்காவுடையது. கிராமத்தில் நட்ட ஆண்டெனாவை, கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை வைத்து, அகமதாபாத்தில் நம் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். சொந்தமாக ஒரு செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள் வானில் ஏறும் முன்பே, அதை வைத்து என்ன செய்வது என்று தரையில் பழகிப் பார்த்துவிட்டார்கள். இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது.

அடுத்தது புயல். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. பாராட்டு முழுவதையும் செயற்கைக்கோளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பாதுகாப்பு மையங்கள், ரேடார், லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றிய மாவட்ட நிர்வாகம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாள்கணக்கில் முன்பே தெரியாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. மீன் கூடும் இடத்தைக் கடல் நிறத்தையும் வெப்பத்தையும் வைத்துக் கணித்து, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அனுப்பும் தகவலும் இதே வகை. தூத்துக்குடியிலும் நாகையிலும் டீசல் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாராபாய் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளேற்றும் பயணத்தைத்தான் இன்று ககன்யான் செய்யப் போகிறது. அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், கௌரவமும் ஒரு காரணம்தான். ஆனால் "ஏழை மக்களுக்காக" என்ற பழைய வாதத்தைக் கொண்டு அதை நியாயப்படுத்தினால் ஒட்டாது.

சைக்கிளில் ராக்கெட், மாட்டு வண்டியில் செயற்கைக்கோள்: அந்தப் படங்கள் உண்மையா?

உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே கதையாகச் சொல்வது தவறு.

சைக்கிள் படம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தும்பாவில் எடுத்தது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவ கிராமத்தின் மேல் போகிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய அப்படியொரு இடம் எளிதில் அமையாது. புனித மரிய மகதலேனா தேவாலயத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஊர் மக்களிடம் பேசி விட்டுக்கொடுக்க, தேவாலயம் அலுவலகம் ஆனது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அந்தக் காலத்தில் வண்டி வசதி இல்லை, சைக்கிளில் கொண்டுபோனார்கள். அது பற்றாக்குறை.

மாட்டு வண்டிக் கதை வேறு. 1981இல் ஏவிய ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆண்டெனாவைச் சோதிக்கும்போது, அடியில் இரும்பு இருந்தால் சமிக்ஞை பட்டுத் திரும்பி அளவீடு கெட்டுவிடும். லாரி மேல் வைத்துச் சோதிக்க முடியாது. மரத்தால் ஆன வண்டி வேண்டும். எளிதில் கிடைத்தது கட்டை வண்டி. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஏழ்மையின் அடையாளமாகவும், நம்மவர்கள் தியாகத்தின் அடையாளமாகவும் போட்டுத் தீர்த்த அந்தப் படத்தில் உண்மையில் இருப்பது ஒரு சாமர்த்தியமான சோதனை ஏற்பாடு.

"உள்நாட்டுத் தொழில்நுட்பம்" என்றால் எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்ததா?

இல்லை. அப்படி எந்த நாடும் செய்ததில்லை. 1967இல் ஏவிய முதல் சொந்த ராக்கெட்டான ரோகிணி ஆர்எச்-75 வெறும் 75 மில்லிமீட்டர் விட்டம், தீபாவளி ராக்கெட்டின் பெரியண்ணன் என்று கேலி செய்யலாம். நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975இல் சோவியத் ராக்கெட்டில்தான் ஏறியது. கற்றுக்கொள்ள யாரிடம் போவது, எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

விகாஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் பிரான்ஸ், ஏரியன் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஆள் தேவை. நமக்குத் தொழில்நுட்பம் தேவை, கையில் காசில்லை. 1974இல் ஓர் ஒப்பந்தம் ஆனது: இந்தியப் பொறியாளர்கள் மொத்தம் நூறு மனித-ஆண்டு (ஒருவர் ஓராண்டு செய்வது ஒரு மனித-ஆண்டு) வேலையைப் பிரான்சில் செய்து கொடுப்பார்கள், அதற்கு ஈடாக வைக்கிங் இயந்திரத்தின் தொழில்நுட்பம் கிடைக்கும். நாகர்கோவிலில் படித்து வளர்ந்த நம்பி நாராயணன் அந்தக் குழுவை வழிநடத்தியவர். போனவர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பவில்லை. வரைபடத்தில் இந்த அளவு ஏன் இப்படி இருக்கிறது, போன முறை எது உடைந்ததால் இது மாற்றப்பட்டது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்தார்கள். சமையல் குறிப்பு எழுதி வாங்குவதற்கும் அந்த வீட்டு அடுப்படியில் ஐந்து வருஷம் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். 1985இல் இங்கே செய்த இயந்திரத்தைப் பிரான்சுக்கே கொண்டுபோய் ஓட்டிக்காட்டினார்கள். பின்னர் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதனை மேடை எழுந்தது. நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது, அந்த வைக்கிங்கிலிருந்து வந்த விகாஸ். 2023இல் சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் நடுக் கட்டத்தில் இருந்ததும் இரண்டு விகாஸ் இயந்திரங்கள்தான்.

அப்படியானால் கிரையோஜெனிக் இயந்திரத்துக்கு ஏன் அத்தனை வருஷம் ஆனது?

அங்கே கதவு அடைக்கப்பட்டது. அதுதான் சுருக்கமான பதில். நீளமான பதிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தத் தொழில்நுட்பம் என்றால் என்ன விலை என்பது இந்தக் கதையில்தான் தெரியும்.

கனமான செயற்கைக்கோளை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் இயந்திரம் வேண்டும். அதுதான் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிர் எரிபொருள் இயந்திரம். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில்தான் திரவமாக நிற்கும், ஆக்சிஜன் மைனஸ் 183இல். பக்கத்திலேயே எரியறையில் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பம். அந்தக் குளிரில் சில உலோகங்கள் கண்ணாடி போல நொறுங்கும், ரப்பர் வளையம் கல்லாகும், ஒரு துளி ஈரம் உள்ளே இருந்தால் பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். நடுவில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் பம்ப்.

1991இல் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் இயந்திரமும் தொழில்நுட்பமும் சேர்த்து வாங்க ஒப்பந்தம் ஆனது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா தடை போட்டது. ஏவுகணையை நாள்கணக்கில் எரிபொருள் நிரப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும், ஆவியாகிக்கொண்டே இருக்கும் கிரையோ எரிபொருள் அதற்கு ஆகாது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். வணிகப் போட்டிதான் உண்மையான காரணம் என்று இங்கே பலர் கருதுவதில் எனக்கும் உடன்பாடுதான். சோவியத் உடைந்து பலவீனமாக இருந்த ரஷ்யா 1993இல் பின்வாங்கியது. தொழில்நுட்பம் கிடையாது, ஆயத்த இயந்திரங்கள் ஏழு தருகிறோம் என்றது.

அதற்கடுத்த ஆண்டு நம்பி நாராயணன் உளவு வழக்கில் கைதானார். 1996இல் சிபிஐ அதைப் பொய் வழக்கு என்று முடித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ.50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. வெளிநாடு போட்ட தடையோடு, உள்ளூரிலேயே தன் ஆட்களை இப்படி நடத்தியதும் இந்தக் கதையில் சேர்த்தி.

ரஷ்ய இயந்திரங்களை வைத்து ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2001இல் பறக்கத் தொடங்கியது. சொந்த இயந்திரத்தோடு பறந்தது 2010 ஏப்ரல் 15 அன்று. எரிபொருள் பம்ப் நின்றுபோய் ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் கசிவு கண்டு ஏவுதலை நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று வெற்றி. பிறகு முழுக்க இங்கேயே வடிவமைத்த, இன்னும் பெரிய சிஇ-20 இயந்திரம் 2017இல் பறந்தது. தொடங்கியதிலிருந்து எண்ணினால் இருபது ஆண்டுகளுக்கு மேல். இந்தத் துறையில் வளர்ந்தவர்களில் ஒருவரான, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார்.

இத்தனை தோல்விகளை அரசுத் துறை ஒன்று எப்படித் தாங்கியது?

1979 ஆகஸ்டில், செயற்கைக்கோளை ஏற்றும் நம் முதல் ராக்கெட்டான எஸ்எல்வி-3 கடலில் விழுந்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியதும் பேச அனுப்பப்பட்டவர் கலாம். கலாமே பலமுறை மேடையில் சொன்ன நிகழ்ச்சி இது. அடுத்து வந்த ஏஎஸ்எல்வி 1987இலும் 1988இலும் தோற்றது. பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் 1993இல் தோல்வி. ஒவ்வொன்றுக்கும் பிறகு குழு அமைத்து, காரணத்தைத் தோண்டி எடுத்து, அதே ஆட்களைக் கொண்டே திருத்தினார்கள். ஆளை மாற்றியிருந்தால் பட்ட பாடம் அவரோடு போயிருக்கும்.

ஒரு குறை உண்டு. பழைய தோல்விகளைப் பற்றி விரிவாகப் பேசிய அளவுக்கு அண்மைத் தோல்விகளைப் பற்றி இஸ்ரோ வெளிப்படையாகப் பேசுவதில்லை. மக்கள் காசில் நடப்பதால் விசாரணை அறிக்கைகளைப் பொதுவில் வைப்பதே முறை.

எப்படி இவ்வளவு மலிவாக முடிகிறது?

செவ்வாய்க்குப் போன மங்கள்யான் ரூ.450 கோடி, சந்திரயான்-3 சுமார் ரூ.615 கோடி. சம்பளம் குறைவு. சோதனைக்கென்று செய்யும் மாதிரிகளின் எண்ணிக்கையும் குறைவு. பழைய திட்டத்தின் பாகங்களையே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பெரிய ராக்கெட் தயாராக இல்லாததால் மங்கள்யானைச் சின்ன பிஎஸ்எல்வியில் ஏற்றி, பூமியையே பலமுறை சுற்றவிட்டு வேகம் கூட்டி அனுப்பினார்கள்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல் இதில் சுவாரசியமான உதாரணம். லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் விலை எகிறும். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலாவின் மேட்டுப்பகுதிப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் இதில் கைகொடுக்க, அதை அரைத்துச் செயற்கை நிலா மண் ஆக்கினார்கள். 2020இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

மலிவுக்கு மறுபக்கமும் இருக்கிறது. மங்கள்யானில் இருந்த அறிவியல் கருவிகள் ஐந்து, மொத்த எடை சுமார் 15 கிலோ. போய்ச் சேர்ந்தது பெரிய சாதனை, ஆனால் அந்த எடையில் செய்யக்கூடிய அறிவியலுக்கு ஓர் எல்லை உண்டு. சினிமா பட்ஜெட்டோடு ஒப்பிட்டுக் கைதட்டுவதில் இது மறந்துபோகிறது.

அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவர்களால் இங்கே வர முடியுமா?

வந்திருக்கிறார்களே. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியிலிருந்து மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-1. குமரி மாவட்ட விவசாயி மகன் கே. சிவன், முன்னாள் இஸ்ரோ தலைவர். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பிறகு படிப்படியாக ஐஐடி வரை போன வீரமுத்துவேல், சந்திரயான்-3. செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1. ஐஐடியில் படித்துவிட்டு நேராக வெளிநாட்டு விமானம் ஏறியவர்களை விட, மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் படித்துவிட்டு இங்கேயே முப்பது வருஷம் உட்கார்ந்தவர்களால்தான் இந்த அமைப்பு நின்றது.

இதைத் தனிமனிதப் பெருமையாக மட்டும் பேசினால் போதாது. அந்தக் கல்லூரிகளில் இன்று காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சின்ன நாடுகள் என்ன செய்வது?

இரண்டு வழி. வங்கதேசம் பங்கபந்து-1 செயற்கைக்கோளைப் பிரெஞ்சு நிறுவனத்திடம் செய்து வாங்கி 2018இல் ஏவியது. சேவை உடனே கிடைத்தது. இலங்கையும் நேபாளமும் தங்கள் இளம் பொறியாளர்களை ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்துக்கு அனுப்பி, கையடக்கமான செயற்கைக்கோள்களை அவர்களே செய்து பழக வைத்தன. 2019இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இலங்கையின் ராவணா-1 அப்படி வந்தது. அதனால் பெரிய சேவை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் செய்யத் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம்?

இலங்கை குறுக்கே இருப்பதால். துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் நேர் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி விட்டால் இலங்கைக்கு மேலே போகும், கழன்ற பாகங்கள் அங்கே விழ வாய்ப்புண்டு. அதனால் முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேல் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்குச் சுமக்கும் எடையிலேயே பெரும்பகுதி போய்விடும். தசரா கூட்டத்துக்குப் பேர்போன குலசையிலிருந்து நேர் தெற்கே திறந்த கடல். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மகேந்திரகிரியும் பக்கம்.

வேலைவாய்ப்பு பற்றி ஊரில் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. ஏவுதளத்துக்குள் நேரடி வேலை குறைவாகத்தான் இருக்கும். சுற்றி வரும் தொழிற்சாலைகளில்தான் வாய்ப்பு. ஏவும் நாட்களில் கடலில் குறிப்பிட்ட பகுதிக்குள் படகு போக முடியாது என்பதால், நிவாரணம் எப்படி என்று மீனவர்கள் இப்போதே கேட்பதில் தவறே இல்லை.

தனியார் வந்தால் இஸ்ரோவை விற்றுவிட்டதாக ஆகாதா?

ஆகாது, ஒழுங்காகச் செய்தால். இஸ்ரோ ராக்கெட்டின் பாகங்களைக் கோத்ரெஜ், வால்சந்த்நகர், எல் அண்ட் டி போன்றவை பல பத்தாண்டுகளாகச் செய்து தருகின்றன. 2020க்குப் பிறகு வந்த மாற்றம், முழு ராக்கெட்டையே அவர்கள் வடிவமைக்கலாம் என்பது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இயந்திரத்தோடு 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட்டை ஏவியது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் அவர்களுக்கென்று தனி மேடை. சோதனை வசதியும் பாதுகாப்பும் இஸ்ரோவுடையது. பொதுத்துறை அறுபது ஆண்டு சேர்த்த அனுபவத்தின் மேல் ஏறி நின்றுதான் இந்த நிறுவனங்கள் எட்டிப் பார்க்கின்றன. அதை அவர்களும் மறுப்பதில்லை.

இன்னும் எங்கே இழுக்கிறது?

கடிகாரத்தில். சிரிக்காதீர்கள். நம் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக், அணுக் கடிகாரத்தை நம்பி ஓடுவது. முதல் செயற்கைக்கோளில் இருந்த இறக்குமதிக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகின. அகமதாபாத்தில் உருவான சொந்த ருபீடியம் கடிகாரம் 2023 மே மாதம்தான் வானில் ஏறியது. 2025 ஜனவரியில் போன அடுத்த செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. செல்போனில் ஜிபிஎஸ்ஸுக்குப் பதில் நாவிக் என்ற பேச்சு இன்னும் நடைமுறைக்கு முழுசாக வரவில்லை.

சிப்பில் இன்னொரு விதம். மொகாலி ஆலையில் செய்த விக்ரம்-3201 என்ற 32 பிட் செயலி 2025இல் வந்தது. 180 நானோமீட்டர் நுட்பம், செல்போன் சிப்போடு ஒப்பிட்டால் கிழடு. ஆனால் ராக்கெட்டுக்கு வேகத்தை விடத் தாங்கும் சக்திதான் முக்கியம், அந்த வேலைக்கு அது போதும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆராய்ச்சிச் செலவு. நாட்டு உற்பத்தியில் நாம் செலவிடுவது 0.64 சதவீதம். தென் கொரியா 5 சதவீதத்தை நெருங்குகிறது. நம் தனியார் நிறுவனங்கள் லாபத்தில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கத் தயங்குகின்றன. ஒரு இஸ்ரோவை வைத்துக்கொண்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இஸ்ரோவின் யுவிகா முகாம் உண்டு. விண்ணப்ப அறிவிப்பு இஸ்ரோ இணையதளத்தில் வரும். பிளஸ் டூவுக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் சொந்தக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. எந்திரவியல், மின்னணுவியல், உலோகவியல், வேதியியல் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது, ஐடிஐ முடித்தவர்களுக்கும் சேர்த்து. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்கள் கையால் எதையாவது செய்கிறார்களா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோள் 2009இலேயே பறந்தது.

அதற்கு முன் ஒருமுறை ஏவுதலை நேரில் காட்டிவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது, சுமார் 5,000 பேர் உட்காரலாம். இணையத்தில் முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும். ஆதார் போன்ற அடையாள அட்டை அவசியம். சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் சூலூர்ப்பேட்டை வரை போய், அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். ஏவுதல் கடைசி நிமிடத்தில் தள்ளிப்போவதும் உண்டு, அதனால் அன்றைக்கே திரும்ப வேண்டிய கட்டாயத்தோடு போகாதீர்கள்.